வரி போடச் சொல்லி ஒரு சண்டை

அத்தியாயம் ஒன்பது

பூட்டிய கடைக்குள்ளிருந்து பெயின்ற் தானாக எழுந்து நடந்து வராது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை காலை ஹெம்லொக் ஓடை மறுபடியும் மஞ்சளாக ஓடிக்கொண்டிருந்தது. சாதாரண மஞ்சள் இல்லை. கல்யாணப் பந்தியில் பருப்புக் கிடாரத்தைக் கவிழ்த்துவிட்ட மாதிரி, வாத்துகளே கண்ணைச் சுருக்கிக்கொண்டு நீந்துகிற மஞ்சள். கரையில் நவரட்ணத்தின் கார் பெயின்ற் கடை, பின்கதவில் தேங்காய்ப் பருமனில் ஒரு பூட்டைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது.

அந்தப் பூட்டுக்குக் காரணம் கமலாம்பிகை. அதிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் கரையில் நின்றார்.

கமலாம்பிகை கனடா அரசாங்கத்தில் விற்பனை வரிக் கணக்குப் பரிசோதித்து ஓய்வு பெற்றவர். காணாமல் போன ஒரு சதத்தை ஒஷாவா நகரம் வரைக்கும் துரத்திக்கொண்டு போய்க் காதைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிவந்தவர். ஓய்வுக்குப் பிறகு வீட்டிலிருந்து பூக்கன்று நடச் சொன்னார்கள். ஸ்காபரோவில் ஒரு நிலவறையை வாடகைக்கு எடுத்துத் துப்பறியும் நிலையம் திறந்துவிட்டார். கடைக்குள் நுழைந்து ரோல்ஸ் பொரிகிற சத்தத்தைக் கேட்டே, அந்த ரோல்ஸுக்கு வரி கட்டியாயிற்றா இல்லையா என்று சொல்லிவிடுவார் என்று சனம் கதைக்கும். சனம் கதைப்பதில் பாதி பொய். அந்தப் பாதியைக் கட்டிவிட்டவர் அவருடைய உதவியாளர் ஜனார்த்தன்.

ஜனார்த்தன் கும்பகோணத்துக்காரர். நாற்பத்தைந்து வயது. கம்ப்யூட்டர் கம்பெனி அவரை வேலையிலிருந்து நிறுத்தியபோது வாயை நிறுத்த மறந்துவிட்டது.

"மேடம், பூட்டை அப்படிப் பார்க்காதீங்க. அது பயந்து தானா திறந்துக்கும்."

"திறந்தால் நல்லம்" என்றார் கமலாம்பிகை.

நடந்தது இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை ஓடை முதல் தரம் மஞ்சளானது. ஓடைக் காவலர் சங்கம் கூடி, குற்றவாளியைக் கண்டுபிடிக்கக் கமலாம்பிகையை அமர்த்தியது. திங்கட்கிழமை அவர் நவரட்ணத்தின் கடைக்குப் பின்னால் பாதி காலியான ஒரு மஞ்சள் பெயின்ற் தகரத்தைக் கண்டார். கண்ட சந்தோஷத்தில் அன்று மாலையே வட்டாரக் குழுவுக்கு முன்னால் போய் விரலை நீட்டினார். செவ்வாய்க்கிழமை அதிகாரி வந்து கடையைப் பூட்டினார். இன்று மத்தியானம் வட்டாரக் குழு வாக்களிக்கப் போகிறது. ஒரே தீர்மானத்துக்குள் மூன்று காரியங்களைத் திணித்து வைத்திருந்தார்கள்: ஓடையின் இரு கரையிலும் கட்டடம் எழும்பாத காப்பு நிலம் ஒதுக்குவது, அதன் செலவுக்கு விற்பனை வரியில் டொலருக்கு ஒரு சதம் தரும்படி மாகாண அரசைக் கேட்பது, நவரட்ணத்தின் லைசென்ஸை நிரந்தரமாக ரத்துச் செய்வது. ஒரே கை தூக்கலில் மூன்றும் முடிந்துவிடும்.

ஓடை மறுபடி மஞ்சளான செய்தியைக் காலையில் போன் எடுத்துச் சொன்னவர், ஓடைக் காவலர் சங்கத் தலைவி பாலேஸ்வரி. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"கமலாம்பிகை, திரும்ப மஞ்சளாப் போகுது. கடை பூட்டித்தானே கிடக்கு. அப்ப நவரட்ணம் இல்லைத்தானே? நீங்கள் போய்ப் பாருங்கோ. பாத்திட்டு அவர் இல்லை எண்டு சொல்லுங்கோ."

ஓடையை யாராவது திட்டினாலே வழக்குப் போடக்கூடிய மனுஷி, குற்றவாளிக்காக இவ்வளவு உருகுகிறாரே என்று கமலாம்பிகைக்கு அப்போது ஒரு நெருடல் இருந்தது. அதை யோசிக்க நேரம் இருக்கவில்லை.

"அந்தக் குழாயடிக்கு இறங்கிப் பாரும்" என்றார் ஜனார்த்தனிடம். வீதி மழைத்தண்ணீர் ஓடையில் வந்து விழுகிற பெரிய கொங்கிறீட் குழாய் அது. மஞ்சள் அதன் வாயிலிருந்துதான் ஒழுகிக்கொண்டிருந்தது. நவரட்ணத்தின் கடையிலிருந்து ஓர் ஓட்டை ஒழுக்குக்கூட ஓடைக்கு வரவில்லை என்பது இப்போதுதான் கமலாம்பிகைக்குத் தெரிந்தது. திங்கட்கிழமையே தெரிந்திருக்க வேண்டும்.

"கமிட்டிக்குன்னு வெள்ளைச் சட்டை போட்டுட்டு வந்திருக்கேன் மேடம்."

"சட்டை போனா வேறை சட்டை. கடை போனா வேறை கடையோ?"

ஜனார்த்தன் இறங்கினார். சொல்லப்போனால் முதல் இரண்டு அடிதான் இறங்கினார், மீதித் தூரத்தை ஓடைக்கரைச் சேறு அவருக்காக நடந்து கொடுத்தது. எழுந்து நின்றபோது கழுத்துக்கு மேலே ஜனார்த்தன், கழுத்துக்குக் கீழே பருப்புக் குழம்பு.

பக்கத்துக் காப்பிக் கடையின் கழிவறைக்குள் போனவர் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கடையே திரும்பிப் பார்த்தது. ஒரு கிழவர் தன் டோனட்டைத் தூக்கிக்கொண்டு தூர மேசைக்கு இடம் மாறினார். சட்டையில் நெஞ்சுப் பக்கம், வயிற்றுப் பக்கம், கைப் பக்கம் எல்லாம் இரத்தச் சிவப்பு.

"யாரும் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டாம்" என்றார் ஜனார்த்தன். "எனக்கு ஒண்ணும் ஆகலை. சட்டைதான் போய்ச் சேர்ந்துடுச்சு."

"என்ன போட்டுத் தோய்ச்சனீர்?"

"சாதாரண சோப்புக்கு அசையலை. இங்க தரை கழுவுற பொண்ணுகிட்டக் கெஞ்சி அவங்க பவுடர் வாங்கினேன். போட்டுத் தேய்ச்சதும் மஞ்சள் எல்லாம் சிவப்பாயிடுச்சு."

கமலாம்பிகை கையிலிருந்த தேநீரை மெதுவாக மேசையில் வைத்தார். எழுந்து வந்து அவருடைய கையைப் பிடித்துச் சட்டை நுனியை மூக்கருகே கொண்டுபோனார்.

வெள்ளை வேட்டியில் குழம்பு சிந்திச் சவர்க்காரம் போட்ட எந்த வீட்டுக்கும் தெரிந்த சங்கதி அது. பெயின்ற் சிவக்காது. சாயம் சிவக்காது. காரமான சவர்க்காரம் பட்டவுடன் வெட்கப்பட்டுச் சிவக்கிற பொருள் உலகத்தில் தமிழர் சமையலறையில்தான் இருக்கிறது.

"உது பெயின்ற் இல்லை" என்றார். "மஞ்சள் தூள். கறிக்குப் போடுற மஞ்சள் தூள்."

"ஒரு ஓடை முழுக்கவா? யார் மேடம் அவ்வளவு பெரிய குழம்பு வைக்கிறது?"

கமலாம்பிகை சிரிக்கவில்லை. அறுபது வருடமாகத் தினமும் கையில் படுகிற பொருள். நாலு நாளுக்கு முன்னால் அதே தண்ணீருக்கு முன்னால் நின்றவர் குனியவில்லை. ஒரு தகரத்தைக் கண்டார், கண்டதும் தன்னையே மெச்சிக்கொண்டார். அந்த மெச்சலின் விலையை இப்போது நவரட்ணம் கட்டிக்கொண்டிருக்கிறார்.

குழாயிலிருந்து மேலே வீதியோரமாக நடந்தார்கள். மழைத்தண்ணீர் இறங்குகிற இரும்புச் சட்டம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நடைபாதையில் ஒரு மீன் படம் வரைந்திருந்தது.

"இந்த மீன் எதுக்கு மேடம்? உள்ள மீன் கடையா?"

"உதுக்குள்ளை ஊத்திறது நேரே ஓடைக்குப் போகும் எண்டு சனத்துக்கு விளங்கப்படுத்த. வீட்டுத் தண்ணி சுத்தமாக்கிற இடத்துக்குப் போகும். வீதித் தண்ணி அப்பிடியே மீன்ர வாய்க்குள்ளை."

ஏழெட்டுச் சட்டம் தாண்டி, ஒரு நீளமான குடியிருப்பு வீதியின் முனையில் இருந்த சட்டத்தின் விளிம்பு மட்டும் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி இருந்தது. ஊற்றிய இடம் அகப்பட்டுவிட்டது. ஊற்றிய ஆள்? அந்த வீதியில் குறைந்தது நூறு வீடு. அதில் எண்பது வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம்.

"ஸ்காபரோவுல மஞ்சள் தூள் வச்சிருக்கிறவங்களைத் தேடுறது, லாரிக்காரங்க ஊர் பிறம்ரன்ல லாரி வச்சிருக்கிறவங்களைத் தேடுற மாதிரி" என்றார் ஜனார்த்தன். "கதவைத் தட்டினா எல்லாருமே குற்றவாளி."

"வைச்சிருக்கிறவையைத் தேடவேண்டாம். வித்தவையைத் தேடுவம்."

வீதிமுனைப் பிளாசாவில் ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடை. காசு மேசையில் துர்க்கா இருந்தாள். கனடாவில் பிறந்தவள். முருங்கைக்காயை ஸ்கான் செய்துகொண்டே மூன்று பேரோடு மூன்று மொழியில் கதைக்கக்கூடியவள். ஜனார்த்தனின் சட்டையைப் பார்த்ததும் கை நின்றது.

"ஓ மை கோட். அங்கிள், ஆர் யூ ஓகே?"

"அங்கிள்னு சொன்னதுதான்மா வலிக்குது."

"பிள்ளை" என்று குறுக்கே வந்தார் கமலாம்பிகை, "இந்தக் கிழமை ஆராவது அளவுக்கு மிஞ்சி மஞ்சள் தூள் வாங்கினவையோ?"

"கோயில் வாங்கும் அன்ரி. கேட்டரிங் ஆக்கள் வாங்குவினம். எவ்ரி வீக் வாங்குவினம்."

"அவையை விடு. வழமைக்கு மாறா ஆரும்?"

துர்க்கா யோசித்தாள். பிறகு முகம் மலர்ந்தது. "ஓ, ரக்ஸ் அன்ரி."

"என்ன, வரி அன்ரியோ?"

"சனிக்கிழமை ஒரு அன்ரி வந்தவா. பெரிய பெரிய பைக்கற்றா மஞ்சள் தூள், ஒரு ட்றொலி நிறைய. நான் அடிச்சுப் போட்டு அமவுன்ற் சொல்லுறன், ரக்ஸ் எங்கை எண்டு கேக்கிறா. சாப்பாட்டுச் சாமானுக்கு ரக்ஸ் இல்லை அன்ரி எண்டன். நான் உதைச் சாப்பிட வாங்கேல்லை, அதாலை ரக்ஸ் போடும் எண்டு நிக்கிறா. மெசின் விடாது எண்டு சொல்லுறன், அவா கேக்கிறா இல்லை. பின்னாலை லைன் கதவு வரைக்கும் போயிட்டுது. ஐ வாஸ் லைக், இஞ்சை எல்லாரும் ரக்ஸை எடுக்கச் சொல்லித்தான் சண்டை பிடிப்பினம், நீங்கள் மட்டும்தான் போடச் சொல்லிச் சண்டை பிடிக்கிறீங்கள்."

கமலாம்பிகை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். வரிப் பரிசோதகராக இருந்த காலம் முழுக்க அப்படி ஒரு பிரஜையை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஏங்கியவர். ஆயிரம் கடை ஏறி இறங்கினார், ஒருவரும் அகப்படவில்லை. இப்போது ஒருவர் அகப்பட்டிருக்கிறார்.

"பிறகு?"

"பிறகு பதின்மூண்டு வீத வரியைத் தானே கணக்குப் பாத்து எடுத்து, இந்த மேசையிலை இருக்கிற கோயில் உண்டியலுக்குள்ளை போட்டிட்டுப் போனவா. போகேக்கை எனக்கும் ஒரு பட்ஜ் தந்தவா." துர்க்கா மேசைக்குக் கீழே துழாவி எடுத்தாள். பச்சை வட்டத்துக்குள் ஒரு நீல ஓடை. அதற்குக் கீழே: ஓடைக்கு ஒரு சதம்.

ஜனார்த்தன் அந்தப் பட்ஜைப் பார்த்தார். கமலாம்பிகையைப் பார்த்தார். அதே பட்ஜ் கமலாம்பிகையின் கைப்பையிலும் குத்தியிருந்தது. சங்கம் அவரை அமர்த்திய அன்று தலைவி தன் கையால் குத்திவிட்டது.

"மேடம், நமக்குச் செக் எழுதிக் கொடுத்தவங்க இல்லையா..."

"ஓம்."

"நேற்றுப் பின்னேரமும் வந்தவா அன்ரி" என்றாள் துர்க்கா. "ஆனா நேற்று ரக்ஸ் ஒண்டும் கேக்கேல்லை. மிச்சக் காசைக்கூட எடுக்கேல்லை. அழுத மாதிரி இருந்தவா."

வான் வண்டியில் ஏறியதும் ஜனார்த்தன் கேட்டார்: "முதல் தடவை ஊத்தினாங்க. ஒரு மனுஷன் கடை போச்சு. அதுக்கப்புறமும் இரண்டாவது தடவை போய் வாங்கி ஊத்துறாங்கன்னா, எவ்வளவு கல் நெஞ்சு?"

கமலாம்பிகை இருக்கைப் பட்டியை இழுத்துப் போட்டார். கல் நெஞ்சுக்காரர் யாரும் உண்டியலில் வரி கட்டுவதில்லை. அந்த இரண்டும் பொருந்தவில்லை. பொருந்தாத கணக்கு அவருக்குப் பல்லில் மாட்டிய பாக்குத் தூள் மாதிரி.

வட்டாரக் குழு கூடுகிற மண்டபத்தின் வெளிவிறாந்தையில், பட்ஜ் குத்திய முப்பது பேருக்கு நடுவில் பாலேஸ்வரி நின்றார். எழுபது வயது. ஓடைக்கரையில் மரக்கன்று நட்டு நட்டு முழங்கால் தேய்ந்தவர். மறுபுறச் சுவரோரமாக நவரட்ணம் தனியாக, வேலை உடுப்போடு நின்றார். வேலை இல்லாத நாளிலும் அதைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கமலாம்பிகையைக் கண்டதும் முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டார்.

கமலாம்பிகை பாலேஸ்வரியை ஒரு தூணுக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

"எத்தினை கிலோ ஊத்தினீங்கள் அக்கா?"

பாலேஸ்வரி மறுக்கவில்லை. அவ்வளவு நேரமும் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போலக் கண்ணை மூடினார்.

"தண்ணியிலை கிருமி எண்டு அறிவித்தல் பலகை வைச்சவங்கள். பிள்ளையள் கால் நனைக்கக் கூடாதாம். கொரோனா நேரம் எல்லாரும் வாசல்லை மஞ்சள் தண்ணி தெளிச்சனாங்கள்தானே. கிருமி சாகட்டும் எண்டு நினைச்சன். இப்பிடி நிறம் மாறும் எண்டு நினைக்கேல்லை."

"அடுத்த நாளே எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"சொல்ல வந்தனான். அதுக்குள்ளை நீங்கள் கண்டுபிடிச்சிட்டன் எண்டு வந்து நிண்டீங்கள். எல்லாரும் கை தட்டினவை." அவர் குரல் இறங்கியது. "பதினோரு வருசம் கமலாம்பிகை. இண்டைக்குத்தான் முதன்முதலா எங்களுக்குக் கை தூக்க ஆக்கள் இருக்கினம். ஓடையைக் காப்பாத்த வெளிக்கிட்டவளே ஓடையைப் பழுதாக்கினவள் எண்டு தெரிஞ்சா, ஒருதன் தூக்க மாட்டான். வோட்டு முடியட்டும். அதுக்குப் பிறகு நானே சொல்லுறன்."

"வோட்டு முடிஞ்சா அந்த மனிசன்ர லைசென்ஸும் முடிஞ்சிடும். மூண்டும் ஒரே தீர்மானம்."

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டே இண்டைக்கும் ஊத்தினீங்களே."

பாலேஸ்வரி வாயைத் திறந்தார். அதற்குள் கதவு திறந்து, எல்லோரையும் உள்ளே வரச் சொன்னார்கள்.

தலைவர் நாற்காலியில் மாக்கஸ் என்ற கவுன்சிலர் இருந்தார். நல்ல மனிதர். ஆனால் பேச்சு நேரத்தை அளக்க அவர் மேசையிலிருந்த மணல் கடிகாரத்துக்கு மனிதாபிமானம் கிடையாது. அவருக்கு வலப்பக்கம் கிளடிஸ் என்ற கவுன்சிலர். காப்பு நிலம் என்றால் கடைகளின் கார் தரிப்பிடம் போய்விடும் என்று ஆரம்பத்திலிருந்தே எதிர்க்கிறவர்.

சாட்சி என்ற இடத்தில் கமலாம்பிகையின் பெயரை வாசித்தார்கள். திங்கட்கிழமை சொன்னதை மறுபடி சொன்னால் போதும். ஒரு நிமிட வேலை. ஓடை பிழைக்கும், சங்கம் கை தட்டும். ஒரு கடைதான் போகும். ஒலிவாங்கிக்கு நடக்கிற பத்தடித் தூரத்தில் அந்தக் கணக்கை அவர் போட்டுப் பார்த்ததை மறைப்பானேன், போட்டுத்தான் பார்த்தார். இடதுபக்கக் கடைசி வரிசையில் ஒரு வேலை உடுப்பு தெரிந்தது.

அவர் ஆங்கிலத்தில்தான் பேசினார். நமக்கு வசதியாகத் தமிழில்.

"திங்கட்கிழமை நான் உங்களுக்குச் சொன்னது பிழை. ஓடையில் கலந்தது பெயின்ற் இல்லை, சமையல் மஞ்சள் தூள். திரு. நவரட்ணத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அத்தாட்சி வேண்டுமென்றால் என் உதவியாளரின் சட்டையைப் பாருங்கள்."

ஜனார்த்தன் எழுந்து கைகளை விரித்துக் காட்டினார். மண்டபத்தின் பின்பக்கத்தில் ஒரு பெண்மணி வீறிட்டார். தமிழர்கள் இருந்த வரிசையில் மட்டும் "அட, மஞ்சள் கறை" என்ற முணுமுணுப்பு அலையாகப் போனது.

கிளடிஸ் முன்னால் சாய்ந்தார். "திங்கட்கிழமை ஒருவர் பெயரை அவ்வளவு நிச்சயமாகச் சொன்னீர்கள். இன்று அவர் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் யார்? பெயர் சொல்லாவிட்டால் இதை நாங்கள் ஏன் நம்ப வேண்டும்?"

ஆதாரம் இல்லாதபோது துள்ளிக்கொண்டு வந்த பெயர், ஆதாரம் கையில் இருக்கும்போது வெளியே வர மறுத்தது. கமலாம்பிகை ஒலிவாங்கியைப் பார்த்தபடி நின்றார். மணல் இறங்கிக்கொண்டிருந்தது.

பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"நான்" என்றார் பாலேஸ்வரி.

முப்பது பட்ஜும் ஒரே நேரத்தில் திரும்பின. அவர் நடந்து வந்து கமலாம்பிகைக்குப் பக்கத்தில் நின்றார். முதல் தரம் ஏன் ஊற்றினார் என்று சொன்னார். கிளடிஸின் உதடு ஓரத்தில் சிரிப்பு எழும்பியது. மண்டபமே சிரிக்கத் தயாரானது.

"இன்று காலையும் நீங்கள்தானா?" என்று கேட்டார் மாக்கஸ். "இத்தனை பெரிய பிரச்சினை ஆன பிறகுமா?"

"இன்று காலை ஊற்றியது ஓடைக்காக இல்லை" என்றார் பாலேஸ்வரி. "அவருக்காக. அவருடைய கடை பூட்டியிருக்கும்போது ஓடை மஞ்சளானால், அவர் இல்லை என்று உங்களுக்கு விளங்கும் என்று நினைத்தேன். வாயால் சொல்லத் தைரியம் இல்லை. அதனால் வாளியால் சொன்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. பல்லில் மாட்டிய கணக்கு கமலாம்பிகைக்கு விடுபட்டது. விடுபட்டபோது வலித்தது. அழுதுகொண்டு மிச்சக் காசு வாங்காமல் போன மனுஷியை ஜனார்த்தன் கல் நெஞ்சு என்று சொன்னபோது மறுக்காமல் இருந்தாரே. ஒரே கிழமைக்குள் இரண்டு பேரைப் பிழையாக எடைபோட்ட துப்பறிவாளர் ஸ்காபரோவில் வேறு யாராவது இருந்தால் காட்டுங்கள்.

மாக்கஸ் தீர்மானத்தை மூன்றாகப் பிரித்தார். லைசென்ஸ் ரத்து: எதிராக எல்லாக் கையும் எழுந்தது, தீர்மானம் தோற்றுப்போனது. மாகாணத்திடம் ஒரு சதம் கேட்பது: ஆதரவாக எல்லாக் கையும் எழுந்தது. இன்னொருவரிடம் காசு கேட்கிற தீர்மானத்தை எதிர்க்கிற கவுன்சிலரை இந்த உலகம் இன்னும் பெறவில்லை. காப்பு நிலம்: மஞ்சளின் பாதிப்பை நிபுணர்கள் ஆராயட்டும், ஒக்ரோபரில் பார்ப்போம் என்றார் கிளடிஸ். ஒரே ஒரு வாக்கால் அது தள்ளிப்போனது.

ஆக, காசு கேட்கத் தீர்மானம் உண்டு. காசு வந்தால் காப்பாற்ற நிலம் இன்னும் இல்லை. பாலேஸ்வரியின் பதினோரு வருடத்துக்கு இன்னொரு கோடைகாலம் கூடிவிட்டது.

விறாந்தையில் பாலேஸ்வரி நவரட்ணத்துக்கு முன்னால் போய் நின்றார். "தம்பி, என்னை மன்னியுங்கோ."

நவரட்ணம் வேலை உடுப்பின் கையை மடித்து விட்டுக்கொண்டார். "என்ர மனிசி நாலு நாளா ரோட்டிலை இறங்கேல்லை அன்ரி. ஓடைக்கு நஞ்சு வைச்சவன்ர மனிசி எண்டு கோயில்லை சொன்னவையாம். மன்னிக்கிறன் எண்டு இப்ப சொன்னா அது பொய். ஒக்ரோபரிலை உங்கட காப்பு நிலத்துக்கு எதிராத்தான் நான் வந்து கதைப்பன். என்ர பின்வளவும் அதுக்குள்ளை போகுது." பிறகு கமலாம்பிகையிடம் திரும்பினார். குரல் உயரவில்லை, அதுதான் மோசம். "அவா வயசுபோன மனிசி, நம்பிக்கையிலை செய்தவா. நீங்கள் படிச்ச ஆள். குனிஞ்சு ஒருக்கா மூக்கை வைச்சு மணந்து பாத்திருக்கலாமே."

"பாத்திருக்கலாம்" என்றார் கமலாம்பிகை.

குழுவின் எழுத்தர் பெண் தாள்களோடு வெளியே வந்தாள். லைசென்ஸ் பத்திரமாக இருக்கிறது, வாழ்த்துகள் என்றாள். கடைப் பூட்டின் சாவியா? அது கடையைப் பூட்டிய அமலாக்க அதிகாரியிடம் இருக்கிறது. அவர் மூன்று நாள் லோங் வீக்கென்ட் விடுமுறைக்குப் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை வருவார். எங்கே போனார் என்று சொல்ல அனுமதி இல்லை.

"செவ்வாய்க்கிழமையோ" என்றார் நவரட்ணம். சுவரில் சாய்ந்தார். நாலு நாள் நிமிர்ந்து நின்ற மனிதர் அந்த ஒரு சொல்லில் வளைந்தார்.

"இண்டைக்கு" என்றார் கமலாம்பிகை. "இண்டைக்கே திறக்கிறம். ஜனார்த்தன், வானை எடும்."

"மேடம்." ஜனார்த்தன் காதருகே குனிந்தார். "மஞ்சள் தூள் வாங்கினவங்களைக் கண்டுபிடிச்சோம், சரி. வெள்ளிக்கிழமை சாயங்காலம், லோங் வீக்கென்ட், ஒரு கவர்ன்மென்ட் ஆபீசரைக் கண்டுபிடிச்சதா உலக சரித்திரத்துலயே கிடையாது."

"நானும் கவண்மென்ற் ஆள்தான் காணும். வெள்ளிக்கிழமை பின்னேரத்திலை நாங்கள் எங்கை எங்கை ஒளிப்பம் எண்டு என்னட்டைக் கேளும்."

அவர் நடந்த வேகத்துக்குத் தானியங்கிக் கதவு திறக்கப் பிந்திவிட்டது. பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. நவரட்ணம் ஒன்றும் பேசாமல் வந்து வானின் பின் சீட்டில் ஏறினார். பாலேஸ்வரி வாசலில் தயங்கி நின்றார். பிறகு, யாரும் கூப்பிடாமலே, தேய்ந்த முழங்காலைத் தூக்கி வைத்து அவரும் ஏறினார். இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டிருந்தது.

கமலாம்பிகை கைகாட்ட, சாவிக்கார அதிகாரியைத் தேடி ஜனார்த்தன் வானைக் கிழக்கே திருப்பினார்.